அம்பை 16 நெல்லுக்கு ஆய்வகத்தில் இடம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். ஒருவர் இதனால் மண்ணே நஞ்சாகிவிடும் என்று அஞ்சியிருந்தார். இன்னொருவர் இனி உழவருக்குக் கவலையே இல்லை என்று எழுதியிருந்தார். இருவருமே "மரபணு மாற்று நெல்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருந்ததும், அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகளை அடைத்துவிட்டதும்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தன. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்ப்பது, நெல்லின் சொந்த மரபணுவைத் திருத்துவது, வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்துவது ஆகியவையே அம்மூன்று. சேரன்மகாதேவி வட்டாரத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்தில், ஊரார் இன்றும் டெப்போ என்றே சொல்லும் இடத்தில், இருபத்தாறு ஆண்டுகள் விதை மூட்டைகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவள் நான். கன்னடியன் கால்வாயின் கடைமடையில் எங்களுக்குச் சிறிது நிலமும் உண்டு. ஆகவே விதையைக் கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் நின்று பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. என் தங்கையை ஏரல் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பிசானம் என்னும் மழைக்கால நெற்பருவத்துக்கு நட்டு மூன்று வாரம்கூட ஆகாத அவர்களுடைய பயிர் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, மேட்டு வயலில் பயிர் வெளுத்து, நூலாக நீண்டு, தொட்டால் குழைந்து மண்ணோடு படிந்திருந்தது. பள்ளத்து வயலில் முழங்கால் அளவுக்கு ஆற்று மணல் மேவியிருந்தது. "அக்கா, இத்தனை வருசம் டெப்போவில இருந்தியே, தண்ணிக்குத் தாங்குற நெல்லுன்னு ஒண்ணு கிடையாதா?" என்று தங்கை கேட்டாள். இருக்கிறது என்றேன். பிறகு ஏன் எங்களுக்குத் தரவில்லை என்று கேட்டாள். அதற்கு நான் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அந்த நெல்லின் கதை இதுதான். ஒடிசாவில் உழவர்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம், வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை முழுவதும் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளைச்சல் குறைவு, சோறும் சுவைக்காது; அதைப் பிற ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தபோது வேண்டாத குணங்களும் கூடவே வந்ததால் பல ஆண்டுகள் அந்த முயற்சி கைகூடவில்லை. மூழ்கலைத் தாங்கும் குணத்துக்குக் காரணமான சப்-1ஏ என்ற மரபணு இன்னதென்று 2006-ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார்கள். பமீலா ரொனால்டு, டேவிட் மெக்கில் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள். அது செய்யும் வேலை விந்தையானது. சாதாரண நெற்பயிர் தண்ணீருக்குள் அகப்பட்டவுடன் எப்படியாவது மேலே எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தண்டை நீட்டிக்கொண்டே போய், சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, நீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடுகிறது. என் தங்கை வயலில் நூலாக நீண்டு கிடந்தது அப்படிப்பட்ட பயிர்தான். சப்-1ஏ உள்ள பயிரோ, தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்க இறங்கியவர் வீணாகக் கைகாலை உதறாமல் மூச்சடக்குவது போல, வளர்ச்சியை நிறுத்தி இருப்பைக் காத்துக்கொண்டு, நீர் வடிந்தபின் மறுபடி தூர் கட்டுகிறது.

இந்த ஒரு குணத்தை மட்டும் சுவர்ணா என்ற பெயர்பெற்ற ரகத்துக்குள் கொண்டுவந்து, 2009-இல் சுவர்ணா சப்-1 என்று நம் நாட்டில் வெளியிட்டார்கள். இங்கே எந்த வேற்றுயிரின் மரபணுவும் நெல்லுக்குள் புகுத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த நாற்றுகளில் ஒரு துளி இலையைக் கிள்ளி, வேண்டிய மரபணு வந்திருக்கிறதா என்று அடையாளம் பார்த்து, வந்தவற்றை மட்டும் மறுபடி மறுபடி சுவர்ணாவோடே சேர்த்தார்கள். பின்கலப்பு என்று நாங்கள் பயிற்சியில் படித்தது இதைத்தான். அந்தக் காலத்தில் வெள்ளம் தாங்குமா என்று அறிய ஒவ்வொரு தலைமுறையையும் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். இப்போது நாற்றாக இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. கண்ணால் பார்த்துப் பொறுக்கிய இடத்தில் ஆய்வகத்தைக் கொண்டு பொறுக்குகிறார்கள் என்பது தவிர, களத்தில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்த நம் பாட்டிமார் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

இதே வழியில் வந்ததுதான் 2008-இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரியும். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து, பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சாம்பா மசூரிக்குள் ஒருசேரக் கொண்டுவந்தன. அம்மூன்றில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. பிசானத்தில் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பின் இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து இறங்குவதைப் பார்த்து, இதற்கு மருந்து என்ன என்று கேட்டு வந்த உழவர்களுக்கு, உருப்படியான மருந்து இல்லை, யூரியாவைக் குறையுங்கள், ஒரு வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விதைக்குள்ளேயே தாங்கும் திறன் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் என் தங்கைக்கு ஏன் கிடைக்கவில்லை? அதற்குக் காரணம் காலக்கணக்கு. வெள்ளம் தாங்கும் நெல் தமிழ்நாட்டிலும் உண்டு. சி.ஆர். 1009 சப்-1 என்பது காவிரிப் படுகையில் நன்கு அறியப்பட்ட ரகம். ஆனால் அது ஐந்து மாதத்துக்கும் மேல் வயலில் நிற்பது, சம்பாவுக்கு ஏற்றது. தாமிரபரணிப் பாசனத்தில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இருக்கும் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் பிசானம் நடக்கிறது. பிசானத்துக்கு முந்தைய கார் பருவம் என்றால் நாலு மாதத்துக்குள் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்தரை மாத நெல்லைக் கடைமடையில் நட்டுவிட்டு, கால்வாய் அடைத்த பிறகு யாரிடம் போய்த் தண்ணீர் கேட்பது? ஆகவே அந்தக் குணம் எங்கள் குறுகிய காலக் குண்டு நெல்லில் வர வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 31, கோ 39 ஆகியவற்றை ஒட்டுச் சேர்த்து 1986-இல் வெளியிட்ட அம்பை 16, ஏறத்தாழ 110 முதல் 115 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இட்லிக்கு மாவு காணும் அரிசி என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அரிசி அது. எத்தனை புது ரகங்களை நான் வரப்பில் நின்று பரிந்துரைத்தாலும், "எல்லாம் சரிம்மா, அம்பை பதினாறு வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு மூட்டை புது ரகத்தைத் தள்ளிவிட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த நெல்லுக்குள்ளும், பிசானத்தில் நாங்கள் நடும் மத்திய கால ரகங்களுக்குள்ளும் சப்-1 வந்து, அது டெப்போவில் மூட்டையாகக் கிடைக்கிறதா என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. மணல் மேவிய பள்ளத்து வயலுக்கு எந்த மரபணுவும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேண்டியது மண் அள்ளும் இயந்திரமும் இழப்பீடும்தான். மேட்டு வயலைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஏரலிலிருந்து ஆற்றோடு இன்னும் கீழே இறங்கினால் ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் என்று கடல் நெருங்கிவிடும். ஆற்றில் நீர் குறைந்த ஆண்டுகளில் உப்பு மேலேறுவது அங்குள்ளவர்களின் தீராத முறையீடு. உப்பைத் தாங்கும் நெல்லுக்கு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். மூன்று வேலைகளை ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதுவே நல்ல சான்று. முதல் வழி, கேரளத்தில் கடலோர உவர்நிலத்தில் விளையும் பொக்காளி நெல்லிலிருந்து சால்டோல் என்ற மரபுப் பகுதியைப் பின்கலப்பால் நல்ல ரகங்களுக்குக் கொண்டுவருவது. இது நெல்லுக்கும் நெல்லுக்கும் உள்ள சம்பந்தம். இரண்டாவது, சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா முதலானோர் செய்தது போல, கடல்நீரிலேயே நிற்கும் அலையாத்தி மரத்தின் மரபணுவை எடுத்து நெல்லுக்குள் புகுத்துவது. அந்த மரம் நம் புன்னைக்காயல் கழிமுகத்திலும் நிற்கிறது. இந்த இரண்டாவதுதான் மரபணு மாற்றம் என்ற பெயருக்கு முழுமையாக உரியது. இரண்டு உயிரினங்களும் இயற்கையில் ஒருபோதும் கூடியிருக்க முடியாதவை. ஆய்வகத்தில் அது நடந்தது, வயலுக்கு வரவில்லை. முதல் வழிக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான அனுமதி விதிகள் என்ற சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அப்படியிருக்க, மரபணு என்ற சொல்லைக் கேட்டதுமே இரண்டையும் ஒருசேர எதிர்ப்பவர்கள், தெரியாமலே பொக்காளியையும் சேர்த்து எதிர்க்கிறார்கள்.

இனி தங்கள் கட்டுரை சொன்ன புதிய நெல்லுக்கு வருகிறேன். 2025 மே 4 அன்று புதுதில்லியில் மத்திய வேளாண்மை அமைச்சர் இரண்டு ரகங்களை அறிவித்தார். ஒன்று ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சாம்பா மசூரியிலிருந்து உருவாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, கமலா என்ற பெயருடையது. மற்றொன்று புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எம்.டி.யு. 1010 என்ற ரகத்திலிருந்து உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. நெல் 1. இவற்றில் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை. நெல்லிடமே உள்ள ஒரு மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் வெட்டு விழச்செய்து, அதன் வேலையைக் குறைத்திருக்கிறார்கள். கமலாவில் வெட்டப்பட்டது, பயிர்வளர்ச்சிக்கு உதவும் சைட்டோகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு. சிதைப்பது குறைந்தால் அப்பொருள் கதிரில் நிறையத் தங்கும், மணிகள் கூடும் என்பது அதன் கணக்கு. இப்படி வெட்டும் கருவியைக் கண்டதற்காகத்தான் இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டவுட்னா இருவருக்கும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாம்பா மசூரியை விட 19 விழுக்காடு கூடுதல் விளைச்சல், அறுவடை ஏறத்தாழ 20 நாள் முன்னதாக என்று அறிவிப்பில் சொல்லப்பட்டது.

இருபது நாள் முன்னதாக என்பது என்னைப் போன்ற கடைமடைக்காரிக்கு 19 விழுக்காட்டை விடப் பெரிய செய்தி. இரண்டு நனைப்புத் தண்ணீர் மிச்சம். ஆனால் விதை விற்ற இடத்திலிருந்து வந்தவள் என்பதால், அறிவிப்பில் வரும் விழுக்காட்டை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் பாத்தியில் வரும் விளைச்சல் வேறு, ஆனைக்கொம்பன் ஈயும் குலைநோயும் ஆள் பற்றாக்குறையும் உள்ள வயலில் வரும் விளைச்சல் வேறு. 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி மரபணு சேராத இவ்வகைத் திருத்தப் பயிர்களை, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கியது. அறிவியல்படி அந்த வேறுபாடு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் விலக்கு கொடுத்ததோடு சோதனை விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கும் கடமையும் தளர்ந்துவிட்டதென்றால் அது சரியில்லை. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எத்தனை வயலில் நட்டார்கள், எங்கே விளைச்சல் குறைந்தது என்பதெல்லாம் உழவர் கேட்டால் கிடைக்க வேண்டும்.

வேற்றுயிர் மரபணுவைப் புகுத்தும் மூன்றாவது வகையைப் பற்றி நாட்டில் நிறையப் பேசியாயிற்று. சுருக்கமாகக் கடந்து போகிறேன். 2002-இல் அனுமதிக்கப்பட்ட, காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு சேர்த்த பி.டி. பருத்தியைத் தவிர வேறு எந்தப் பயிரும் நம் நாட்டில் அந்த வகையில் வணிகச் சாகுபடிக்கு வரவில்லை. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். அந்தக் கத்தரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட நான்கு ரகங்களில் ஒன்று நம் கிள்ளிகுளத்துக் கத்தரி, கே.கே.எம். 1, என்பது இந்தப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. மரபணு மாற்றுக் கடுகை அனுமதிப்பதா என்ற கதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்ததோடு நிற்கிறது. நெல்லில் இந்த வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, இங்கோ போட்ரிகுஸ், பீட்டர் பேயர் இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொன்னரிசி. வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டீன் அரிசிக்குள்ளேயே உண்டாகும்படி செய்தார்கள். பிலிப்பைன்ஸ் 2021-இல் அதற்கு அனுமதி கொடுத்தது, 2024-இல் அந்நாட்டு நீதிமன்றம் நிறுத்தியது. வீட்டுக்கு வீடு முருங்கை நிற்கும் ஊரில் அதற்கு அவசரம் இல்லை என்பது என் எண்ணம். முருங்கைக்கு இடமில்லாத நகரத்துக் குடிசையில் வளரும் பிள்ளையைப் பற்றி நினைக்கும்போது அந்த எண்ணத்தில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஊட்டச்சத்து என்று பேச்சு வந்ததால் ரேஷன் அரிசியையும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த மணிகளை நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச்சோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, அந்த முயற்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் தெருவில் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அரிசியைப் புடைத்துப் பழகிய கைக்கு, நிறம் மாறிய மணி கல்லும் குருணையும் போலத்தான் படுகிறது. சத்து நெல்லுக்குள்ளேயே விளைந்தால் பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை. துத்தநாகம் மிகுந்த டி.ஆர்.ஆர். தான் 45 என்ற நெல் 2016-இலேயே வெளியாகிவிட்டது. வழக்கமான ரகங்களில் பத்து லட்சத்தில் 12 முதல் 16 பங்கு உள்ள துத்தநாகம் அதில் 22 பங்குக்கு மேல் இருக்கிறது. நெல்லோடு நெல்லைச் சேர்த்துப் பெறப்பட்ட ரகம்தான் அதுவும். அதை ஏன் குண்டரிசியில் செய்யக் கூடாது?

கடைசியாக, விதை யாருடையது என்ற கேள்வி. எங்கள் தாத்தா காலத்தில் அறுவடை முடிந்ததும் முதல் வேலை விதைக்கோட்டை கட்டுவதுதான். வைக்கோல் புரியைச் சுற்றி, உள்ளே காய்ந்த நெல்லைக் கொட்டி, மேலே சாணம் மெழுகி, மச்சில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால், ரக விதையை ஒருமுறை வாங்கினால் சில ஆண்டுகளுக்கு எடுத்து வைத்து விதைக்கலாம். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் இடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பருத்தியில் அந்த உரிமையால் பயனில்லாமல் போனதற்குக் காரணம் பி.டி. மரபணு மட்டும் அல்ல. அது வீரிய ஒட்டு விதையாக வந்ததால் ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. நெல்லில் அது நேராமல் இருக்க வேண்டுமானால், மேம்படுத்தும் வேலையைப் பொதுத்துறை நிலையங்கள் செய்ய வேண்டும். அது ரக விதையாக வெளிவர வேண்டும். திருத்தக் கருவிக்கான காப்புரிமைக் கட்டணம் எதுவும் எங்கள் மூட்டை விலையில் ஏறக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். விதை மூட்டையில் வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என்று அட்டை கட்டுகிறோம். படிக்கத் தெரியாத உழவரும் நிறத்தைப் பார்த்து வாங்குவார். அந்த அட்டையில், இது வழக்கமான ஒட்டு, இது அடையாளம் பார்த்துப் பின்கலப்பு செய்தது, இது மரபணு திருத்தியது என்று ஒரு வரி தமிழில் அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? நான் பணியில் இருந்த காலத்தில், ஒரு புது ரகத்தைப் பற்றி ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மேலிடத்திலும் விடை கிடைக்காமல், அவரைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கிறேன். இனி அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கமலாவோ, சப்-1 சேர்ந்த குறுகிய கால ரகமோ, எதுவாக இருந்தாலும், வருகிற கார் பருவத்தில் ஒரு பாத்தியும் பிசானத்தில் ஒரு பாத்தியும் அம்பை 16-க்கு அருகிலேயே அங்கே நட்டு, மூழ்கடிக்க வேண்டியதை எங்கள் கண் முன்னால் மூழ்கடித்து, அறுத்து, அளந்து, அரைத்து, ஆளுக்கு ஒரு படி அரிசியும் கையில் கொடுத்து அனுப்பச் சொல்லித் தாங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இட்லிக்கு மாவு காண்கிறதா என்பதை நாங்கள் வீட்டில் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.